அமுதம் அக்காவின் ஒரு வாரச் சாப்பாடு

பாரிஸ்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழிலன் எழுதுகிறேன். நான் இங்கே சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே. அதனால் வழக்கமாகக் கேட்பதுதானே என்று அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "எனக்கென்னடா, கல்லாட்டம் இருக்கேன்" என்றாய். பின்னாலிருந்து உன் மகள் அறிவுமதி, "பொய் மாமா, ரெண்டு படி ஏறுனாலே அம்மா உக்காந்துடுறாங்க" என்றாள். உடனே லைன் போய்விட்டது. மறுநாள் கேட்டால் சிக்னல் இல்லை என்கிறாய். நெடுங்காட்டுச் சிக்னலுக்கு உன்மேல் அவ்வளவு பாசம்.

போனில் உன்னைப் பிடிக்க முடியாது. அதனால் பழைய வழிக்கே வருகிறேன். நீ கல்யாணமாகி நம்மூர் போலகத்திலிருந்து நெடுங்காட்டுக்குப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா இல்லாத வீட்டில் நானும் அப்பாவும்தான். இரண்டு பஸ் மாறினால் வந்துவிடுகிற தூரத்துக்கு வாரம் ஒரு இன்லேண்ட் எழுதுவாய். என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றிலும் இருக்கும். நான் பொய் எழுதினால் கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய். இப்போது என் முறை. உனக்கு என்ன செய்கிறது, எத்தனை நாளாக, உன் கையாலேயே எழுது. அறிவுமதியிடம் சொல்லி எழுத வைக்காதே.

இங்கே தங்குவதற்கான கார்டு அநேகமாக அடுத்த மாதம் கைக்கு வந்துவிடும். வந்ததும் முதல் வேலை ஊருக்கு டிக்கெட் போடுவதுதான்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
எழிலன்


நெடுங்காடு
3 மார்ச் 2024

அன்புத் தம்பி எழிலனுக்கு,

அக்கா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நலம். நீ அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா?

என் மகளுக்கு வாய் நீளம். நீ அதை நம்பிக் கடிதம் வரைக்கும் போய்விட்டாய். கேட்டதற்காகச் சொல்கிறேன். அசதி. அவ்வளவுதான். இரண்டு வருஷம் இருக்கும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் நடவு முடித்துக் கரையேறின மாதிரி இருக்கிறது. வாசல் பெருக்கினால் பாதியில் உட்கார வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "என்ன அமுதம், கோலத்துக்கு யோசனையா?" என்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

உன் மாமா காரைக்காலில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். ரத்தம் கொஞ்சம் கம்மியாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதம் போட்டும் ஒன்றும் தெரியவில்லை. இங்கே உள்ளவர்கள் ஏழரைச் சனி என்கிறார்கள். திருநள்ளாறு போய் நளன் குளத்தில் முழுகி எள் விளக்குப் போட்டேன். குளத்துப் படியேறுவதற்குள் சனீஸ்வரனே இரங்கி வந்து கை கொடுத்தால் தேவலை என்று ஆகிவிட்டது.

நீ அடுத்த மாதம் என்று எழுதியிருக்கிறாய். எந்தத் தேதி? தேதியை எழுது.

கடுங்காப்பி ஆறிப்போகிறது. குடித்துவிட்டுக் கொல்லைக்குப் போக வேண்டும். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
அமுதம்


பாரிஸ்
24 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், காதை மூடிக்கொண்டு.

இரண்டு வருஷ அசதியை "அவ்வளவுதான்" என்று எழுதுகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். எனக்குச் சளி பிடித்தால் மூன்று நாள் சோறு ஊட்டினவள்தானே நீ?

நான் வேலை செய்யும் ஓட்டலுக்கு ஹமீது அண்ணன் என்று ஒருவர் சாப்பிட வருவார். காரைக்கால்காரர். இங்கே ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் இருபது வருஷமாக வேலை. அவரிடம் கேட்டேன். அசதிக்கு ஒரு காரணம் இல்லை, நூறு இருக்கிறது என்றார். தைராய்டு பார்க்க வேண்டுமாம், சர்க்கரை, சிறுநீரகம் பார்க்க வேண்டுமாம். தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வந்தாலும் பகலில் இப்படி ஆகுமாம். மனசில் எதையாவது போட்டு அடைத்து வைத்திருந்தாலும் ஆகுமாம். நீ எதையாவது அடைத்து வைத்திருக்கிறாயா?

ஒவ்வொன்றாகப் பார்த்துவிடு. கார்டு கொஞ்சம் தள்ளிப் போகிறது. சித்திரைக்குள் கட்டாயம் வந்துவிடுவேன்.

மாமாவுக்கு வணக்கம். அறிவுமதியின் நீள வாய்க்கு என் ஆசி.

எழிலன்


நெடுங்காடு
28 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

வெயில் மண்டையைப் பிளப்பது தவிர வேறு குறை இல்லை. உன் உடம்பு எப்படி?

நீ சொன்ன எல்லாம் பார்த்தாயிற்று. தைராய்டு சரி. சர்க்கரை இல்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறதாம். குறட்டை உன் மாமாதான் விடுகிறார், அவருக்கு ஒரு அசதியும் இல்லை. டாக்டர் எல்லாத் தாளையும் புரட்டிவிட்டு, "நாப்பத்தாறு வயசுல இதெல்லாம் இருக்கும்மா. மனசைச் சந்தோஷமா வச்சுக்குங்க" என்றார். சந்தோஷத்துக்கு மட்டும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

விரல் நுனியெல்லாம் கொஞ்ச நாளாக மரத்துப் போகிறது. எறும்பு ஊர்கிற மாதிரி. நேற்று உன் மாமாவுக்குப் பால் ஆற்றும்போது டம்ளர் கையை விட்டுப் போய்விட்டது. நான் பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வயசாகிறது, வேறென்ன.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் விற்க வரும் சொர்ணாம்பாள் உன்னைக் கேட்டாள். அவளிடம் சங்கரா வாங்கினால் நீ தலையைக் கேட்டு அடம்பிடிப்பாயே, இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். இப்போது தடைக்காலம், விசைப்படகு போகவில்லை. கட்டுமரத்து மீன்தான் கொண்டுவருகிறாள்.

சித்திரை பிறந்து பதினைந்து நாள் ஆகிறது. தேதி எழுதவில்லையே நீ?

அக்கா


பாரிஸ்
30 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன்னை நலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மார்ச்சில் வரி நேராகப் போகிறது. ஏப்ரலில் ஒவ்வொரு வரியும் வலது பக்கம் சரிந்து இறங்குகிறது. பேனாவை அழுத்தினதில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. பயமாக இருக்கிறது அக்கா. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்த டம்ளர் ஞாபகம்தான்.

ஹமீது அண்ணனிடம் காட்டினேன். விரல் மரத்துப் போகிறது என்றதும் முகம் மாறிவிட்டது. "ஒங்க அக்கா என்ன சாப்பிடுறாங்கன்னு ஒரு வாரத்துக்கு எழுதச் சொல்லு தம்பி. ஒண்ணு விடாம" என்றார். எழுது. எனக்கு நீ அனுப்பிய இன்லேண்டுக்கெல்லாம் நான் பதில் எழுதினேன் அல்லவா? அந்தக் கடனை இப்போது தீர்.

கார்டு ஆடிக்குள் வந்துவிடும் என்கிறார்கள்.

எழிலன்


நெடுங்காடு
2 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பேனா பிடித்தால் நாலு வரிக்கு ஒரு தடவை கையை உதற வேண்டியிருக்கிறது.

காரைக்காலுக்கு மாங்கனித் திருவிழாவுக்குப் போனோம். மாம்பழம் இறைக்கும்போது போன வருஷம் மூன்று பிடித்தவள் நான். இந்த வருஷம் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஒரு பழம் தானே உருண்டு வந்து காலடியில் நின்றது. அம்மையாருக்கே பாவமாகப் போய்விட்டது போல.

நீ கேட்ட சாப்பாடு. திங்கள்கிழமை சாம்பார், வாழைக்காய் வறுவல், கெட்டித் தயிர். செவ்வாய் காலையில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும், மதியம் சொர்ணாம்பாள் கொண்டுவந்த மத்தி மீனில் குழம்பு. புதன் முட்டைப் பொரியல், மிளகு ரசம். வியாழன் முருங்கைக்கீரை, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. வெள்ளிக்கிழமை பாயசம், அறிவுமதிக்குப் பரீட்சை முடிந்தது. சனிக்கிழமை சனீஸ்வரனுக்காக எள்ளுச் சோறு. ஞாயிறு நாட்டுக்கோழி. நெத்திலி வறுவலும் ஒரு நாள் இருந்தது, எந்த நாள் என்று மறந்துவிட்டது.

போதுமா? இதையேதான் டாக்டரும் கேட்டார், அசைவம் உண்டா என்று. எங்கள் வீட்டில் மீன் இல்லாத வாரமே கிடையாது என்று சொன்னேன்.

ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. உன் மாமா மடையில் நின்று மேற்கே பார்க்கிறார். நான் வாசலில் நின்று காரைக்கால் பஸ் வருகிற கிழக்குப் பக்கம் பார்க்கிறேன்.

அக்கா


பாரிஸ்
25 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் சாப்பாட்டைப் படித்து ஹமீது அண்ணனுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. மீன், முட்டை, தயிர், கோழி எல்லாம் இருக்கிறது, அப்படியானால் தாம் சந்தேகப்பட்டது இல்லை, வேறு ஏதோ என்றார். நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். எனக்கும் பாதி நிம்மதி. நன்றாகச் சாப்பிடுகிறாய், அது போதும்.

மத்திக் குழம்பைப் படித்துவிட்டு அன்று ரொட்டி இறங்கவில்லை.

இந்தத் தடவை நீ தேதி கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், அடுத்த மாதம் இல்லாவிட்டால் அதற்கு அடுத்த மாதம்.

எழிலன்


நெடுங்காடு
20 செப்டம்பர் 2024

மாப்பிள்ளை எழிலனுக்கு,

உங்கள் மாமா கருப்பையன் எழுதுவது. நலம் என்று தொடங்க வேண்டும், அது இங்கே இல்லை. நான் கடிதம் எழுதிப் பழகாதவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லியிருக்கலாம், அவள் எதிரிலேயே இருக்கிறாள்.

பதினைந்து நாள் முன்னால் உங்கள் அக்கா வரப்பில் விழுந்தாள். வழுக்கவில்லை. தரை எங்கே இருக்கிறதென்று காலுக்குத் தெரியவில்லை என்கிறாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். உங்களுக்கு எழுதக் கூடாது என்று உத்தரவு.

அவள் உங்களுக்கு எழுதின ஒரு வாரச் சாப்பாட்டை நான்தான் தபாலில் போட்டேன். ஒட்டுவதற்கு முன்னால் படித்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. எல்லாம் அவள் சமைத்தது. சாப்பிட்டது நானும் மகளும்.

நீங்கள் ஊரை விட்டுப் போய் மூன்று மாதம் ஒரு செய்தியும் இல்லை, ஞாபகம் இருக்கிறதா? அது 2019 தை மாதம். இவள் மாரியம்மன் கோவிலில் சூடம் ஏற்றி வேண்டிக்கொண்டாள். தம்பி திரும்பி வந்து நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தன் கையால் எனக்கு ஒரு வாய் ஊட்டுகிற வரைக்கும் பால், தயிர், முட்டை, மீன், கறி எதையும் தொடமாட்டேன் என்று. மூன்றாம் நாள் உங்கள் போன் வந்துவிட்டது. அதற்கு அப்புறம் அவளிடம் யார் என்ன பேச முடியும்? வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு அதெல்லாம் ஒத்துக்கொள்ளாது என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். வீட்டில் கறந்த பாலை எங்களுக்கு ஆற்றிக் கொடுத்துவிட்டு அவள் கடுங்காப்பி குடிப்பாள்.

நீங்கள் எப்போது பேசினாலும் அடுத்த மாதம் என்பீர்கள். "இன்னும் ஒரு மாசந்தானேங்க, பொறுத்துக்குறேன்" என்பாள். இதை நான் அறுபது தடவையாவது கேட்டிருப்பேன்.

டாக்டர் அசைவம் உண்டா என்று கேட்டபோது பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு. நேற்று நான் மட்டும் போய்ச் சொல்லிவிட்டேன். "அஞ்சு வருஷமா பால் கூடவா இல்லை?" என்று எழுந்து நின்றுவிட்டார். நாளைக்கே கூட்டிவரச் சொன்னார்.

சத்தியத்தை உடைத்தவன் நான். வரும் கெடுதல் எனக்கு வரட்டும். நீங்கள் உங்களால் ஆனதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கருப்பையன்


பாரிஸ்
4 அக்டோபர் 2024

அக்கா,

மாமாவின் கடிதம் வந்தது. அவரிடம் கோபப்படாதே. அவர் என்னிடம் எழுதியிருக்கிறார், நான் உன்னிடம் எழுதுகிறேன். இனி இந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் மறைக்க வேண்டாம்.

கார்டு வராது அக்கா. போன வருஷம் ஒரு தடவை மறுத்தார்கள். இந்த வருஷம் மார்ச்சில் இரண்டாவது தடவை. உனக்குச் சித்திரை என்று எழுதினேனே, அதே வாரம். என்னிடம் எந்தத் தாளும் இல்லை. இங்கிருந்து கிளம்பலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். கிளம்பினால் திரும்பி வர முடியாது. ஆறு வருஷத்தை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். அதற்குத் துணிச்சல் இல்லாமல்தான் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

நான் சொன்ன ஒவ்வொரு அடுத்த மாதத்துக்கும் நீ ஒரு மாதம் வாயைக் கட்டியிருக்கிறாய். வர மாட்டேன் என்று முதல் வருஷமே சொல்லியிருந்தால் நீ அழுது முடித்து, தயிர்ச் சோறு சாப்பிட்டிருப்பாய். உன் காலை மரத்துப் போக வைத்தது நான்தான்.

ஹமீது அண்ணனிடம் சொன்னேன். அவர் முதலில் சந்தேகப்பட்டது இதைத்தானாம். மீனிலும் பாலிலும் இருக்கிற சத்து வருஷக்கணக்கில் உள்ளே போகாவிட்டால் அசதியில் ஆரம்பித்து நரம்பு வரை போகுமாம். பட்டியலைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் சொல்கிறபடி கேள். என்மேல் ஆணை.

எழிலன்


நெடுங்காடு
10 நவம்பர் 2024

என் தம்பிக்கு,

நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாக. எழுத்தைப் பார், வரி கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

பி12 என்று ஒரு சத்தாம், எனக்கு அது துடைத்து வைத்த மாதிரி இல்லையாம். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி, இப்போது வாரம் ஒன்று. சிவப்பாக, பீட்ரூட் தண்ணி மாதிரி இருக்கிறது. இது பாலிலிருந்து எடுத்ததா, மீனிலிருந்து எடுத்ததா என்று டாக்டரைக் கேட்டு, இரண்டும் இல்லை என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் கையை நீட்டினேன். அவர் உன் மாமாவைப் பார்த்தார். உன் மாமா மின்விசிறியைப் பார்த்தார். அசதி பாதி போய்விட்டது. நேற்று வாசலை உட்காராமல் பெருக்கினேன். விரலில் மரமரப்பு கொஞ்சம் தங்கிவிடலாம் என்கிறார். தங்கட்டும்.

உன் மாமாவோடு ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் அவரே ரசம் வைத்தார். வாயில் வைக்க முடியவில்லை, அதைச் சொல்வதற்காகப் பேச வேண்டியதாகிவிட்டது.

கார்டு விஷயம் எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? உன் கடிதத்தில் மற்ற எழுத்தெல்லாம் தாராளமாக இருக்கும். ஊருக்கு வருவதைப் பற்றி எழுதுகிற இடத்தில் மட்டும் பொடிப்பொடியாகச் சுருங்கிவிடும். உனக்கு எழுதப் பழக்கினவள் நான், எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் அப்புறம் தேதி கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய். அடுத்த மாதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மட்டும் உனக்கென்று வைத்திருக்கிற தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்க எனக்கு ஒரு சாக்கு இருந்தது.

உன்னால் எனக்கு ஒன்றும் வரவில்லை. நானே வேண்டினேன், நானே வாயைக் கட்டினேன். அந்த அஞ்சு வருஷமும் நீ பக்கத்தில் இருந்த மாதிரிதான் இருந்தது. ஒவ்வொரு வேளையும் உன்னை நினைத்துக் கையை எடுக்கிறேன் அல்லவா?

ஆனால் நீ வர வேண்டாம். இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். ஆறு வருஷத்தை எனக்காகக் கொட்டிக் கவிழ்க்காதே. ஊசி இருக்கிறது, எனக்கு அது போதும். அம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அக்கா


பாரிஸ்
1 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஊசி உனக்குப் போதும். எனக்குப் போதாது.

உனக்குச் சொல்லாத ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. இரண்டு வருஷமாக எனக்கும் அசதிதான். தூங்கி எழுந்தால் தூங்காத மாதிரி. ஹமீது அண்ணன் என் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். பி12 முதல் எல்லாம் சரியாக இருக்கிறது. நான்தான் மீன் சாப்பிட்டேனே, முட்டை சாப்பிட்டேனே. தாளை என் கையில் கொடுத்துவிட்டு, "ஒனக்கு ஒண்ணுமில்ல தம்பி. ஊருக்குப் போ" என்றார்.

வந்து என்ன செய்வாய் என்று கேட்காதே. மாமாவோடு வயலில் நிற்பேன். இல்லாவிட்டால் காரைக்காலில் ஏதாவது ஓட்டலில் பாத்திரம் கழுவுவேன். எச்சில் தட்டு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

தேதி கேட்டாயே. ஜனவரி 11, சனிக்கிழமை. திரும்பி வருவதற்கு டிக்கெட் போடவில்லை.

எழுத்துப் பொடியாக இருக்கிறதா, பார்த்துக்கொள்.

எழிலன்


நெடுங்காடு
20 டிசம்பர் 2024

தம்பி,

பார்த்தேன். பெரிதாகத்தான் இருக்கிறது. அறிவுமதியிடமும் காட்டிச் சரி பார்த்துக்கொண்டேன்.

வேண்டாம் என்று எழுதினவள்தான், உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொல்லையில் போய் நின்று நன்றாக அழுதேன். உன் மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் அங்கேயே நின்றார். அவர் கண்ணையும் நான் பார்த்துவிட்டேன், சொல்லிக்கொள்ளவில்லை.

நீ வருகிற அன்றைக்குச் சமையல் நான் இல்லை. மாமா என்று நினைத்துப் பயப்படாதே, அறிவுமதி செய்கிறாள். சொர்ணாம்பாளிடம் சங்கரா சொல்லி வைத்திருக்கிறேன், தலை உனக்குத்தான். தயிர் முதல் நாளே உறை ஊற்றிவிடுவேன். கூடத்தில் உட்கார், கையை நன்றாகக் கழுவிக்கொள். முதல் வாய் பெரிதாக உருட்டாதே, ஆறு வருஷம் ஆகிவிட்டது, எனக்கு விழுங்க வராது.

தைக்குச் சம்பா அறுப்பு இருக்கிறது. மாமா உனக்கும் சேர்த்து ஒரு அரிவாள் தீட்டி வைத்திருக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொண்டு பத்திரமாக வா. இதற்குப் பதில் போட வேண்டாம்.

அன்றைக்கு நான் என்ன சாப்பிட்டேன் என்று உனக்குக் கடிதத்தில் எழுத வேண்டியிருக்காது.

அக்கா,
அமுதம்